குவாசுலு-நட்டால் வளர்ச்சித் திட்டமும் சட்டமன்றக் கண்காணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துத் தமிழ்ச் சங்கங்களிலும் கோயில் நிர்வாகக் குழுக்களிலும் சிறு வியாபாரிகள் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"மாகாண வளர்ச்சி வியூகம்னு ஒரு தடிப் புத்தகம் இருக்காமே, அது சட்டமா?"

சட்டம் இல்லை, அரசின் கொள்கை ஆவணம். 2011இல் மாகாண அமைச்சரவை ஏற்றது. முதலில் 2030 வரைக்கும் என்று எழுதப்பட்டு, பிறகு 2035 வரை நீட்டித் திருத்தப்பட்டது. அதில் ஏழு இலக்குகள்: எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பொருளாதார வளர்ச்சி, மனிதவளம், மக்கள் நலன், உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல், ஆட்சிமுறை, நிலப்பரப்பில் சமநிலை.

இலக்கு நிறைவேறவில்லை என்று அந்தப் புத்தகத்தைக் காட்டி நீதிமன்றம் போக முடியாது. ஆண்டுதோறும் சட்டமன்றம் நிறைவேற்றும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம்தான் சட்டம். புத்தகத்தில் ஒரு வரி இருந்து ஒதுக்கீட்டில் அதற்குப் பணம் இல்லையென்றால், அந்த வரியை ஆசை என்றுதான் வாசிக்க வேண்டும்.

"எழுதுறது யாரு? சட்டமன்றமா, அரசாங்கமா?"

எழுதுவது அரசாங்கம். பிரீமியர் (மாகாண அரசின் தலைவர்) அலுவலகமும் மாகாணத் திட்ட ஆணையமும் தயாரிக்கின்றன, அமைச்சரவை ஏற்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள 80 உறுப்பினர் சட்டமன்றத்தின் வேலை வேறு: பணத்தை அனுமதிப்பது, நடக்கிறதா என்று பார்ப்பது, நடக்கவில்லையென்றால் காரணம் கேட்பது. அரசியல் சாசனத்தின் 114ஆம் பிரிவு இதை மாகாணச் சட்டமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. 133ஆம் பிரிவு, மாகாண அமைச்சர்கள் தனியாகவும் கூட்டாகவும் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறது.

"தேசியத் திட்டம், மாகாணத் திட்டம், நகராட்சித் திட்டம்... இத்தனை எதுக்கு? எது எதுக்குக் கீழே?"

மேலே 2012இல் வந்த தேசிய வளர்ச்சித் திட்டம். அதன் இலக்கு ஆண்டு 2030. அதிலிருந்து ஓர் ஆட்சிக் காலத்துக்கு எடுத்துச் செய்வது 2024-2029 நடுத்தரக்கால வளர்ச்சித் திட்டம். மாகாண வியூகம் அதற்கு இணங்கிப் போக வேண்டும். அதன் கீழே ஒவ்வொரு துறைக்கும் ஐந்தாண்டுத் திட்டம், அதன் கீழே ஆண்டுச் செயல்திட்டம். நகராட்சி பக்கத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம், எல்லோரும் ஐ.டி.பி. என்கிறோமே, அதுதான். இவற்றையெல்லாம் மாவட்ட அளவில் கோக்க 2019இல் மாவட்ட வளர்ச்சி மாதிரி என்று ஒன்று வந்தது. முதலில் சோதித்துப் பார்த்த மூன்று இடங்களில் ஈதெக்வினியும், அதாவது டர்பன் பெருநகராட்சியும், ஒன்று.

எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. பொதுமக்களுக்கு உண்மையில் உதவுவது இரண்டு: துறையின் ஆண்டுச் செயல்திட்டம், நகராட்சியின் ஐ.டி.பி. மற்றவற்றில் சொல் அதிகம், எண் குறைவு.

"எங்க ஏரியாவுக்கு மாகாண உறுப்பினர் யாரு?"

அப்படி ஒருவர் இல்லை. மாகாண உறுப்பினர்கள் கட்சிப் பட்டியலிலிருந்து விகிதாசார முறையில் வருகிறார்கள். கட்சிகள் தங்கள் வசதிக்கு ஆளுக்கொரு பகுதியை ஒதுக்கி அலுவலகம் போடும், அவ்வளவுதான். வட்டாரத்துக்கென்று வாக்குப் பெற்று வருபவர் நகராட்சி வார்டு கவுன்சிலர் மட்டுமே. அதனால் மாகாண விஷயத்துக்கு "நம்ம ஆள்" என்று தேடுவதைவிட, சம்பந்தப்பட்ட துறையைக் கண்காணிக்கும் சட்டமன்றக் குழுவில் (துறைக் குழு) யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு எழுதுவது பலன் தரும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரையும் ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவரையும் சேர்த்தே அணுகுங்கள்.

"மாகாணம் வளர்ந்தா மாகாணத்துக்கு வரி கூடும்தானே?"

நேரடியாகக் கூடாது. பலருக்கும் இது தெரியாது. வருமான வரி, வாட், சுங்கம், சொத்து வரி எதையும் மாகாணம் விதிக்க முடியாது. 228ஆம் பிரிவு தடுக்கிறது. வாகன உரிமக் கட்டணம், சூதாட்ட வரி போன்றவைதான் சொந்த வருமானம். மாகாண வரவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிரிட்டோரியாவிலிருந்து, அதாவது தேசிய அரசிடமிருந்து, வருகிறது.

அதில் பெரும்பகுதி ஒரு சூத்திரப்படி பிரிக்கப்படும். கல்விக்கு 48%, சுகாதாரத்துக்கு 27%, மக்கள்தொகைக்கு 16%, நிர்வாகத்துக்கு 5%, வறுமைக்கு 3% என்று எடை. பொருளாதார உற்பத்திக்கு 1% மட்டும். புதுத் தொழிற்சாலை வந்தால் அதன் வரி தேசியக் கருவூலத்துக்குப் போகும். மாகாணப் பங்கு அதனால் அசையாது என்றே சொல்லலாம். வேலை, வருமானம், நகராட்சிக் கட்டணம் என்று பலன் மக்களுக்கு வரும், மாகாணக் கஜானாவுக்கு வராது. பொருளாதாரத் துறைக்கு எப்போதும் மிச்சம் மீதிதான் கிடைக்கிறது என்று வரும் புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுவே. வகுப்பறையும் ஆஸ்பத்திரியும் எடுத்தது போகத்தான் மற்றதெல்லாம்.

"வருஷத்துல எந்த மாசம் என்ன நடக்கும்? எப்ப போய்ப் பேசணும்?"

மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிப்ரவரியில் பிரீமியர் உரை. தேசிய பட்ஜெட் வந்த இரண்டு வாரத்துக்குள் மாகாண நிதியமைச்சர் தன் பட்ஜெட்டை வைக்க வேண்டும். காலம் நீட்ட வேண்டுமானால் தேசிய நிதியமைச்சர் சம்மதிக்க வேண்டும். 2025இல் தேசிய பட்ஜெட்டே வாட் சண்டையில் பிப்ரவரி 19 தப்பி, மார்ச் 12, பிறகு மே 21 என்று இழுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டை ஒட்டியே துறைகளின் ஆண்டுச் செயல்திட்டங்களும் வரும். பிறகு துறைக் குழுக்கள் ஒவ்வொரு துறையையும் அழைத்து விசாரிக்கும்.

ஆண்டு முடிந்ததும் கணக்கு மே 31க்குள் தணிக்கைக்குப் போக வேண்டும். ஜூலை 31க்குள் தணிக்கை முடியும். ஆகஸ்ட் இறுதிக்குள் ஆண்டறிக்கை அமைச்சர் கைக்கு, செப்டம்பர் இறுதிக்குள் சட்டமன்றத்துக்கு. தாமதமானால் அமைச்சர் எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். நவம்பர் வாக்கில் திருத்த பட்ஜெட்.

எப்போது பேசுவது? பட்ஜெட் வந்தபின் பேசினால் மிகத் தாமதம். அடுத்த ஆண்டுக்கான இலக்குகளைத் துறை எழுதுவது ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. கோரிக்கை இருந்தால் அப்போது துறைக்கும் குழுவுக்கும் சேர்த்துப் போட வேண்டும். அக்டோபரில் குழு ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் நேரமும் நல்ல நேரம்.

"ஆண்டுச் செயல்திட்டம் இருநூறு பக்கம். எங்கே பிரிச்சுப் பார்க்கணும்?"

முன்னுரை, அமைச்சர் படம், தொலைநோக்கு எல்லாவற்றையும் தாண்டிவிட்டு அட்டவணைக்குப் போங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு குறியீடு, அதாவது எதை அளக்கிறார்கள் என்பது, இருக்கும். பக்கத்தில் கடந்த மூன்றாண்டு தணிக்கை செய்யப்பட்ட அளவு, நடப்பாண்டு மதிப்பீடு, அடுத்த மூன்றாண்டு இலக்கு. முதலில் இடமிருந்து வலமாகப் படியுங்கள். மூன்றாண்டாக 600 செய்த துறை அடுத்த ஆண்டுக்கு 400 என்று இலக்கு வைத்திருந்தால், தோற்காமல் இருக்கத் தடையைத் தாழ்த்திக்கொண்டது என்று பொருள். குறியீட்டின் சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் இன்னும் கவனம். பழைய வரிசையோடு ஒப்பிட முடியாமல் போகும்.

அடுத்து, பின்னிணைப்பில் உள்ள குறியீட்டு விளக்கம். "ஆதரவு பெற்ற சிறுதொழில்கள்: 500" என்று இலக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதரவு என்றால் என்ன? ஒரு நாள் பட்டறையில் கையெழுத்துப் போட்டவரும், இயந்திரம் வாங்க மானியம் பெற்றவரும் ஒரே எண்ணிக்கையில் சேர்வார்களா? இதற்கு விடை அந்தப் பின்னிணைப்பில்தான் இருக்கும். எதை ஆதாரமாக வைப்பார்கள், வருகைப் பதிவேடா, பணம் செலுத்திய சான்றா என்பதும் அங்கேயே.

மூன்றாவது, காலாண்டுப் பிரிப்பு. 500இல் 450 நான்காம் காலாண்டில் என்றிருந்தால் ஜனவரி வரை யாரும் கேள்வி கேட்க வழியில்லை. மார்ச்சில் பணத்தை அள்ளிக் கொட்டும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கடைசியாக, செலவையும் இலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பணம் 98% போய் இலக்கு 40% என்றால் என்ன கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். இலக்கு 120%, செலவு 65% என்று வரும்போது பாராட்டி விட்டுவிடுகிறார்கள். அதையும் கேட்க வேண்டும். ஒன்று இலக்கு வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டது, அல்லது பில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

"பணத்தை ஒரு திட்டத்திலிருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கலாமா?"

கொஞ்சம் மாற்றலாம். பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, ஒரு துறையின் ஒரு பெரும்பிரிவில் மிச்சமான பணத்தை அதே துறையின் இன்னொரு பெரும்பிரிவுக்கு, மிச்சமான பிரிவின் ஒதுக்கீட்டில் 8% வரை நகர்த்தலாம். குறிப்பிட்ட வேலைக்கென்றே ஒதுக்கியதையும், வேறு நிறுவனத்துக்குக் கொடுக்க வைத்ததையும் தொடக்கூடாது. கட்டடம், சாலை போன்ற மூலதனப் பணத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போடவும் கூடாது. இதற்கு மேல் மாற்ற வேண்டுமென்றால் நவம்பர் திருத்த பட்ஜெட் வழியாகச் சட்டமன்றத்துக்கு வர வேண்டும். வெள்ளம் வந்தால் இந்த வழியில் ஏகப்பட்ட திட்டங்கள் காணாமல் போகும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட் குடிநீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராத நினைவு அங்குள்ளவர்களுக்கு இருக்கும். அப்படிப்பட்ட ஆண்டில் வளர்ச்சித் திட்டத்தின் எந்த வரி வெட்டப்பட்டது என்று திருத்த பட்ஜெட்டில்தான் தெரியும்.

"இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்தோம்னு மேடையில சொல்றாங்க. நம்பலாமா?"

எந்த வேலை என்று கேளுங்கள். விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டத்தில் "வேலை வாய்ப்பு" என்றால் எத்தனை நாளாக இருந்தாலும் கூலி வாங்கிய ஒரு வேலை. ஒரே ஆள் இரண்டு திட்டங்களில் இருந்தால் இரண்டு வாய்ப்பு. முழுநேர வேலைக்குச் சமமாக மாற்ற 230 ஆள்நாளை ஓராண்டு வேலையாகக் கணக்கிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 வாய்ப்பு, ஆளுக்கு 60 நாள் என்றால் 60,000 ஆள்நாள். 230ஆல் வகுத்தால் சுமார் 261 முழுநேர வேலை. இரண்டு எண்ணும் பொய்யில்லை. மேடைக்கு முதலாவது போகும், அறிக்கையின் அட்டவணைக்கு இரண்டாவது போகும்.

மாகாணத்தில் வேலையில்லாதோர் நிலையைப் பார்க்க புள்ளியியல் துறையின் காலாண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பு இருக்கிறது. அதில் அதிகாரபூர்வ விகிதம், விரிந்த விகிதம் என்று இரண்டு வரும். வேலை தேடிச் சலித்து விட்டுவிட்டவர்கள் இரண்டாவதில் மட்டும் சேர்வார்கள். எப்போதும் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் ஒரு காலாண்டில் அரை சதவீதம் ஏறி இறங்கியதை வைத்துக்கொண்டு யாரும் கொண்டாடவும் வேண்டாம், ஒப்பாரி வைக்கவும் வேண்டாம்.

"முதலீட்டு மாநாட்டுல பில்லியன் பில்லியனா அறிவிக்கிறாங்களே?"

அறிவிப்பு, கையெழுத்து, நிலக் குத்தகை, கட்டுமானம், உற்பத்தி என்று ஐந்து படிகள். செய்தியில் வருவது முதல் படி. டூபே டிரேட்போர்ட், ரிச்சர்ட்ஸ் பே இரண்டும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். தகுதி பெற்ற நிறுவனம் அங்கே 27% நிறுவன வரிக்குப் பதில் 15% கட்டலாம். கிங் ஷாகா விமான நிலையம் 2010இல் திறந்ததை ஒட்டி வளர்ந்த டூபே டிரேட்போர்ட் டோங்காட், வெருலம் வாசல் போல இருப்பதால் நம்மவர்கள் இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறார்கள்.

வரிச் சலுகையால் இழப்பு தேசியக் கருவூலத்துக்கு, ஆனால் சாலை, குழாய், கட்டடம் போடும் செலவில் மாகாணத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே துறைக் குழு கேட்க வேண்டியவை: எத்தனை ஹெக்டேர் குத்தகைக்குப் போயிருக்கிறது, வாடகை நிலுவை எவ்வளவு, வந்த நிறுவனத்தில் எத்தனை புதிது, எத்தனை மாகாணத்துக்குள்ளேயே இடம் மாறியது. பைன்டவுனிலிருந்து லா மெர்சிக்கு நகர்ந்த கிடங்கை முதலீடு என்று எண்ணினால் கூடுதல் வேலை ஒன்றும் பிறக்காது.

"தணிக்கை சுத்தமா வந்துடுச்சு. அப்ப எல்லாம் சரிதானே?"

கணக்கு சரி, வேலை சரி என்று அர்த்தமில்லை. தலைமைத் தணிக்கையாளரின் முடிவு ஐந்து வகை: குறையே இல்லாத சான்று, குறிப்புகளோடு சான்று, வரம்புடன் கூடிய சான்று, எதிர்மறைச் சான்று, ஆவணம் போதாததால் கருத்தே சொல்ல மறுப்பது. முதலாவது வந்தால் கணக்கும் செயல்திறன் எண்களும் ஆதாரத்தோடு இருக்கின்றன, சட்ட மீறல் தெரியவில்லை என்று பொருள். 500 பேருக்குப் பட்டறை நடந்தது உண்மை என்று தணிக்கை சொல்லும். அந்தப் பட்டறையால் யாருக்காவது பிழைப்பு உயர்ந்ததா என்பது அதன் வேலை இல்லை.

முறைகேடான செலவு என்ற சொல்லைப் பார்த்ததும் திருட்டு என்று கத்த வேண்டாம். கொள்முதல் விதியை மீறிச் செய்த செலவு அது. பொருள் வந்தே இருக்கலாம். வீண் செலவு என்பது கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது. அனுமதியில்லாச் செலவு என்பது ஒதுக்கீட்டைத் தாண்டியது. அதைச் சட்டமன்றமே தீர்க்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல், பெரிய இழப்பு உண்டாக்கிய முறைகேட்டைத் துறைத் தலைவர் சரிசெய்யவில்லையென்றால் அவரிடமிருந்தே பணத்தை வசூலிக்கக் கடன் சான்று போடும் அதிகாரமும் தலைமைத் தணிக்கையாளருக்கு உண்டு.

"மாகாணக் கம்பெனிகளை யார் பார்க்கிறாங்க? இதாலா மாதிரி ஆனா?"

பொருளாதாரத் துறையின் பணத்தில் கணிசமான பகுதி அதன் கீழுள்ள நிறுவனங்களுக்குக் கைமாற்றமாகப் போகிறது: இதாலா (வளர்ச்சி நிதிக் கழகம்), டூபே டிரேட்போர்ட், ரிச்சர்ட்ஸ் பே மண்டலம், முதலீட்டு ஊக்குவிப்பு அமைப்பு, ஷார்க்ஸ் போர்டு என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றுக்கும் சொந்த நிர்வாகக் குழு, சொந்த ஆண்டறிக்கை. துறையின் அறிக்கையில் "கைமாற்றம் 100%" என்று ஒரு வரிதான் தெரியும். பணம் உள்ளே போன பிறகு என்ன ஆனது என்று பார்க்க நிறுவனத்தின் அறிக்கையைத் தனியே எடுக்க வேண்டும். கண்காணிப்பு நழுவும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இதாலா வளர்ச்சி நிதிக் கழகத்தின் துணை நிறுவனம் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கியது. வங்கிச் சட்டத்திலிருந்து பெற்ற கால வரம்புள்ள விலக்கின் பேரில் இயங்கியது. அந்த விலக்கு 2023 டிசம்பரில் முடிந்தது. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு ஆணையம் அதைக் கலைக்கக் கோரி நீதிமன்றம் போனது. வாடிக்கையாளர் கணக்குகள் முடங்கின. வங்கி ஒழுங்குமுறை தேசிய அதிகாரம், அதில் சட்டமன்றத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உரிமையாளர் மாகாணம். விலக்கு எந்த மாதம் முடியும், அதற்குள் நிரந்தர உரிமம் வருமா, வராவிட்டால் வைப்புதாரருக்கு என்ன வழி என்று கடைசி மாதம் வரை காத்திராமல் ஒவ்வொரு காலாண்டிலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி உரிமையாளருடையது. கெடு உள்ள எந்த உரிமமானாலும் அந்தத் தேதி குழுவின் நாட்காட்டியில் இருக்க வேண்டும்.

"குழு பரிந்துரை செய்யுது, அமைச்சர் தூக்கிப் போட்டா என்ன செய்ய முடியும்?"

பரிந்துரை மட்டும் கட்டுப்படுத்தாது. ஆனால் படிப்படியாக ஏற வழி இருக்கிறது. குழு அறிக்கையைச் சபை ஏற்றால் அது சபைத் தீர்மானம். எத்தனை நாளில் பதில் என்று அதிலேயே எழுத வேண்டும். கெடு இல்லாத தீர்மானம் காகிதம். அடுத்தது எழுத்துக் கேள்வி, வாய்மொழிக் கேள்வி. அதற்கும் மேல் 115ஆம் பிரிவு: யாரையும் அழைத்து உறுதிமொழியின் பேரில் சாட்சியம் கேட்கலாம், ஆவணம் கொண்டுவரச் சொல்லலாம். பட்ஜெட் வாக்கெடுப்பில் கை வைக்கலாம். கடைசியில் 141ஆம் பிரிவின் நம்பிக்கையில்லாத் தீர்மானம். அதற்கு மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது 41 பேர் வேண்டும்.

2024 மே தேர்தலில் எம்.கே. கட்சிக்கு 37, ஐ.எஃப்.பி.க்கு 15, ஏ.என்.சி.க்கு 14, டி.ஏ.வுக்கு 11, ஈ.எஃப்.எஃப்.க்கு 2, என்.எஃப்.பி.க்கு 1. ஐ.எஃப்.பி.யின் தாமி நுட்டுலி பிரீமியராக அமைந்த கூட்டணிக்குச் சரியாக 41. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் 40. இப்படி நூலிழையில் நிற்கும் அரசில் குழுக்களுக்கு உண்மையான பலம் கிடைக்கிறது. ஒரு கட்சி மட்டும் ஆண்ட காலத்தில் குழுத் தலைவர் தன் கட்சி அமைச்சரை ஒரு அளவுக்கு மேல் கேட்க மாட்டார். இப்போது ஆபத்து வேறு மாதிரி: கூட்டாளிகள் ஒருவர் துறையை ஒருவர் கேட்காமல் விட்டுக்கொடுப்பது.

"பட்ஜெட் தோத்துட்டா ஆஸ்பத்திரி மூடிடுமா?"

மூடாது. பட்ஜெட் நிறைவேறாமல் ஏப்ரல் பிறந்தால், முதல் நான்கு மாதங்களில் போன ஆண்டு மொத்தத்தில் 45% வரையும், பிறகு மாதம் 10% வரையும் செலவழிக்கலாம். மொத்தம் போன ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆனால் போன ஆண்டு ஒதுக்கீடு இருந்த வேலைகளுக்கு மட்டுமே. சம்பளமும் மருந்தும் போகும். வளர்ச்சி வியூகத்தின் புதிய திட்டம் எதுவும் தொடங்க முடியாது.

"கிளேர்வுட்ல கன்டெய்னர் லாரி வீட்டு வாசல்ல நிக்குது. யாரைக் கேட்கணும்?"

மூன்று பேரை, மூன்று விஷயத்துக்கு. துறைமுகம் டிரான்ஸ்நெட்டுடையது, அது தேசிய அரசின் நிறுவனம். சட்டமன்றம் அழைத்துப் பேசலாம், உத்தரவிட முடியாது. எந்தத் தெருவில் கிடங்கு வரலாம், எங்கே லாரி நிறுத்தலாம் என்பது நிலப் பயன்பாடு, அது ஈதெக்வினி நகராட்சி. மாகாணச் சாலைகளும் அவற்றின் போக்குவரத்தும் மாகாணம். பழைய விமான நிலைய நிலத்தை டிரான்ஸ்நெட் 2012இல் 1.85 பில்லியன் ராண்டுக்கு வாங்கியபோது புதிய துறைமுகம் என்ற பேச்சு மாகாண ஆவணங்களிலும் பெரிதாக இடம்பெற்றது. தோண்டும் வேலை தள்ளிப்போடப்பட்டது, லாரிகள் தள்ளிப்போகவில்லை. தன் கையில் இல்லாத திட்டத்தை மாகாணம் தன் இலக்காக எழுதினால் அதற்கு யாரும் பொறுப்பாக முடியாது. குழு இதை முன்கூட்டியே சுட்ட வேண்டும்.

கரும்புக்கும் இதே கதை. டோங்காட் ஹுலெட் சர்க்கரை நிறுவனம் 2022 அக்டோபரில் திவால் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. 2020 சர்க்கரைத் தொழில் திட்டம் தேசிய அளவில் கையெழுத்தானது. மாகாணம் செய்யக்கூடியது சிறு விவசாயிகளுக்கான உதவி, சாலை, பயிற்சி. கேள்வியை அந்த வரிகளில் கேட்டால் பதில் வரும்.

"மார்க்கெட் கடை, தெருவோரக் கடை இதெல்லாம் மாகாணமா, நகராட்சியா?"

நகராட்சி. அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை இரண்டாம் பகுதியில் சந்தையும் தெரு வியாபாரமும் இருக்கின்றன. 1910இலிருந்து இந்தியத் தோட்டக்காரர்களின் சந்தையாக வளர்ந்த வார்விக் அதிகாலைச் சந்தையை இடித்து மால் கட்ட 2009இல் வந்த திட்டமும் நகராட்சியுடையதே. வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்ற பிறகு அது கைவிடப்பட்டது.

நகராட்சியின் நாட்காட்டி வேறு, கவனம்: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வரைவு பட்ஜெட்டும் ஐ.டி.பி. திருத்தமும் மார்ச் இறுதிக்குள் வைக்கப்படும், ஏப்ரலில் கருத்துக் கேட்பு, மே இறுதியில் கவுன்சில் முடிவு. பட்ஜெட் நிறைவேறிய 28 நாளுக்குள் மேயர் ஏற்கும் செயலாக்கத் திட்டத்தில் வார்டு வாரியாக வேலைகள் இருக்கும். கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது அதன் நகல். மாகாணமும் நகராட்சியும் சேர்ந்து செய்யும் திட்டத்தில் இந்த மூன்று மாத இடைவெளி தொல்லை: மாகாணம் மார்ச்சுக்குள் செலவழிக்கத் துடிக்கும்போது நகராட்சிக்கு ஆண்டு நடுவே. "செலவாகாத மானியம்" என்று இரண்டு பக்கமும் எழுதிக்கொள்வதற்கு இது வழக்கமான காரணம்.

"பொதுக் கருத்துக் கேட்பு எல்லாம் கண்துடைப்புதானே?"

சில நேரம் ஆம். ஆனால் நடத்தாமல் விட்டால் சட்டமே விழும். மாட்டாட்டியேலே பகுதியைக் குவாசுலு-நட்டாலிலிருந்து ஈஸ்டர்ன் கேப்புக்கு மாற்றியபோது நம் மாகாணச் சட்டமன்றம் மக்களிடம் கேட்கவே இல்லை. 2006 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் 118ஆம் பிரிவு மீறப்பட்டது என்று சொல்லி, அரசியல் சாசனத் திருத்தத்தின் அந்தப் பகுதியையே செல்லாததாக்கியது.

கவனிக்க வேண்டியது: இந்தப் பாதுகாப்பு சட்டம் இயற்றுவதற்கும் சபையின் நடவடிக்கைகளுக்கும் வலுவாக உண்டு. அமைச்சரவை ஏற்கும் வியூகப் புத்தகத்துக்கு இதே அளவு பிடி இல்லை. அதனால் கூட்டத்துக்குப் போகும்போது வருகைப் பதிவில் பெயர் எழுதி, சொன்னதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

"மனு எப்படி எழுதணும்? தமிழ்ல எழுதலாமா?"

இரண்டு பக்கத்துக்குள். முதல் வரியில் எந்தத் துறை, எந்த ஆண்டுச் செயல்திட்டம், எந்தப் பக்கம், எந்தக் குறியீடு. அடுத்து என்ன தவறு, அதற்கு ஒரு ஆதாரம். பிறகு ஒரே ஒரு கோரிக்கை: "இந்த இலக்கை இப்படி மாற்றுங்கள்" அல்லது "இந்தக் கேள்வியை அமைச்சரிடம் கேளுங்கள்". கேள்வியையே எழுதிக் கொடுத்துவிட்டால் உறுப்பினர் அப்படியே வாசிப்பார். நேரில் பேச விருப்பம் என்றால் கடைசி வரியில் சொல்லுங்கள். பத்துக் குறைகளை அடுக்கிய மனுவுக்கு "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வரும்.

அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவில் தமிழ் பெயர் சொல்லி மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் இருக்கிறது, ஆனால் 12 அதிகார மொழிகளில் இல்லை. ஆங்கிலத்திலோ இசிசுலுவிலோ எழுதி அனுப்புங்கள். சங்கத்தில் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கத் தமிழ்ப் பிரதியும் சேர்த்து வைத்தால், என்னவென்று தெரிந்து கையெழுத்திடுவார்கள்.

"ஆவணம் கேட்டா தர மாட்டேங்கிறாங்க."

முதலில் இணையத்தில் பாருங்கள். செயல்திட்டமும் ஆண்டறிக்கையும் அங்கே இருக்க வேண்டியவை. இல்லாததற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி இரண்டாம் படிவத்தை நிரப்பித் தகவல் அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாள் கெடு. பதிலே வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. துறையோ நகராட்சியோ மறுத்தால் 60 நாளுக்குள் உள்முறையீடு. ஆனால் டூபே டிரேட்போர்ட், இதாலா போன்ற நிறுவனங்களுக்கு உள்முறையீடு கிடையாது. 180 நாளுக்குள் நேரே தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போக வேண்டும். இதில் குழம்பி உள்முறையீடு போட்டுக் காத்திருப்பவர்களுக்கு நாட்கள் வீணாகின்றன. "எல்லா ஆவணமும்" என்று கேட்காதீர்கள். ஒப்பந்த எண், மாதம், ஆவணத்தின் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

"என் மகன் டெண்டர் போட்டிருக்கான். உறுப்பினர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா?"

கூடாது. நகராட்சியில் கவுன்சிலர் டெண்டர் குழுவில் உறுப்பினராக இருப்பதும், பார்வையாளராக உட்காருவதும் கூட நகராட்சி நிதிச் சட்டத்தின் 117ஆம் பிரிவில் தடை. மாகாணத்திலும் ஒப்பந்த முடிவு துறைத் தலைவரின் பொறுப்பு. நாளைக்கு அதே ஒப்பந்தத்தை விசாரிக்க வேண்டிய குழு உறுப்பினர் இன்று அதில் கை வைத்தால் விசாரணையே செத்துவிடும். டெண்டர் முடிந்தபின் மதிப்பெண் எப்படிப் போட்டார்கள், ஏன் தள்ளினார்கள் என்று எழுத்தில் காரணம் கேட்க உங்கள் மகனுக்கு உரிமை உண்டு. அந்தக் காரணம் சரியில்லையென்றால், அந்தக் கடிதத்தோடு சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்கு எழுதலாம்.